பத்தாவது அடுக்கு

ஜலாலின் பிழைப்பு என்னவென்று கீழக்கரையில் இருந்த அவன் மாமாமார்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"கல்லுக்குள்ள மாட்டிக்கிட்ட தண்ணியப் பாக்குறேன் மாமா."

"பாத்து?"

"அது எவ்வளவு சூட்டுல பிறந்துச்சுன்னு சொல்லுவேன்."

"சொன்னா?"

"சம்பளம் கொடுக்குறாங்க."

அதற்குமேல் அவர்கள் கேட்டதில்லை. அவர்கள் மாணிக்கமும் கோமேதகமும் விற்ற குடும்பம். கல்லுக்குள் தண்ணீரோ தூசியோ எது இருந்தாலும் அவர்களுக்கு அது குறை, விலையைக் குறைத்துக் கேட்க ஒரு சாக்கு. குறையைப் பார்க்க ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிறவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊரையே விற்றுவிடக்கூடிய கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் இரண்டாவது வகை. மூடிக்கிடந்த தங்கவயல் சுரங்கங்களை அவர்கள் குத்தகைக்கு எடுத்தபோது ஊரே சிரித்தது. சுரண்டி முடித்த பானையில் எதைச் சுரண்டப் போகிறார்கள் என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். கம்பெனி சுரண்ட வரவில்லை, விதைக்க வந்தது. பூமிக்கடியில் கொதிநீர் பாறை வெடிப்புகள் வழியே ஏறுகிறது. அதில் தங்கம் கரைந்திருக்கிறது. நிலம் ஒரு உதறு உதறினால் வெடிப்பு விரிந்து அழுத்தம் சட்டென்று விழுகிறது, தங்கமும் வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லும் சேர்ந்து அங்கேயே படிந்துவிடுகின்றன. படியும் அவசரத்தில் ஒரு துளி நீர் கல்லுக்குள் அகப்பட்டு, கோடிக்கணக்கான வருஷம் அப்படியே கிடக்கிறது. அந்தத் துளிகளைப் படித்துப் படித்து, எந்தச் சூட்டில், எவ்வளவு உப்பில், எந்த அழுத்தத்தில் தங்கம் விழும் என்று ஜலாலைப் போன்றவர்கள் சொன்னார்கள். பூமி லட்சம் வருஷத்தில் சமைத்ததைக் கம்பெனி குழாய் வைத்துச் சமைக்க ஆரம்பித்தது. தினம் ஒருமுறை அழுத்தத்தை இறக்குவார்கள். அப்போது தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தட்டு முட்டுச் சாமான்கள் ஒருதரம் கிணுகிணுக்கும். அடியில் கல் ஓர் அடுக்கு வளர்ந்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதம், அந்தக் கிணுகிணுப்பு கொஞ்சம் பலமாக வந்தது. கீழே ஒரு சுரங்கப்பாதை இடிந்து வாய் அடைத்துக்கொண்டது. உள்ளே குழாய் பார்க்கப் போயிருந்தவர்கள் மூன்று பேர்: தசரதன், பிரதாப், ஏழுமலை. மறுநாளே கம்பெனி ஒலிபெருக்கி வைத்து அறிவித்தது: இடிந்த கணத்திலேயே மூவரும் இறந்துவிட்டார்கள், வலிகூடத் தெரிந்திருக்காது. தோண்டுவதை நிறுத்தினார்கள். குழாயை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கரைசல் உள்ளேயே கல்லாகி, வயலே பாழாகிவிடுமாம். பத்தாம் நாள் காரியத்தைக் கம்பெனியே பந்தல் போட்டு நடத்தியது. மூன்று பெண்களின் தாலியை ஒரே நேரத்தில் கழற்றி, மூன்று பால் சொம்புகளில் போட்டார்கள். உடல் இல்லாத சாவு. சீக்கிரம் முடிந்தால் நல்லது என்றுதான் எல்லாருக்கும் பட்டது.

இந்த வருஷம் சித்திரையில் அந்த இடிந்த பாதையை ஒட்டிய பாறையில் துளை போட்டுக் கல் எடுத்தார்கள். அது ஜலாலின் மேஜைக்கு வந்தது.

மேலாளர் சம்பத் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "அதே கரைசல், அதே சூடு, அதே அழுத்தம். பக்கத்து வெடிப்புல தங்கம் சுண்டல் மாதிரி விழுந்திருக்கு. இங்க மட்டும் படையலே போட்டிருக்கு. ஏன்?"

"கரியமில வாயு சார்," என்றான் ஜலால். "கரைசல்ல அது இருந்தா தங்கம் நடுவழியில எறங்காது, கடைசி வரைக்கும் கரைஞ்சே வரும். அழுத்தம் விழுந்ததும் சோடா பாட்டிலத் திறந்த மாதிரி வாயு பொங்கிப் பிரியும். தங்கம் மொத்தமா அங்கேயே உக்காந்துரும். பழைய கல்லுலயும் இதேதான் நடந்திருக்கு."

"நாம வாயுவே கலக்கறதில்லையே."

"கலக்கல. ஒவ்வொரு தடவை அழுத்தத்தை எறக்குறப்பவும் இடிஞ்ச பாதையில இருந்த காத்தை வெடிப்பு உறிஞ்சியிருக்கு."

"வெறும் காத்துல அவ்வளவு ஏது?"

ஜலால் கண்ணாடிச் சில்லாகச் சீவிய கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "கரியில கனமானது, லேசானதுன்னு ரெண்டு இருக்கு சார். பாறையில இருந்து வந்தா ஒரு கலவை, அரிசியில இருந்து வந்தா வேற, கேழ்வரகுல இருந்து வந்தா வேற. இது கேழ்வரகு. மூணு பேரும் தின்னது நம்ம கேன்டீன் களிதானே..."

"ஜலால்." சம்பத் கை காட்டி நிறுத்தினார். "எங்கேர்ந்து வந்துச்சுங்கறது எனக்கு வேண்டாம். எவ்வளவு வேணும், அதைச் சொல்லுங்க, சிலிண்டர் வாங்கிக்கலாம். ரிப்போர்ட்ல 'வாயு'ன்னு மட்டும் எழுதுங்க. இதப் பத்தி வெளியில வாய் திறக்க மாட்டேன்னு ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க."

போட்டான். பச்சைக் கண்ணாடியை மரகதம் என்று விற்றவர்களையும், மரகதத்தைக் கண்ணாடி என்று சொல்லி வாங்கியவர்களையும் பார்த்து வளர்ந்தவன். மூச்சை வாயு என்று எழுதுவது அவனுக்குப் பெரிய காரியமாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் அன்று மத்தியானம் கேன்டீனில் களி உருண்டையைப் பார்த்ததும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஏனென்றால் சம்பத் கேட்காத ஒன்றும் அந்தச் சில்லில் இருந்தது. நாளுக்கு ஓர் அடுக்கு. அடுக்குக்குள் குமிழிகள். குமிழிக்குள் அன்றைய காற்று. இடிந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு போனால், முதல் அடுக்குகளில் மூன்று பேர் விடும் அளவுக்கு மூச்சு. பிறகு ஒரு படி இறக்கம், இரண்டு பேர் அளவு. பிறகு இன்னொரு படி. அதற்குமேல் ஒரே ஒருவனுடைய மூச்சு, சன்னமாக, அடுக்கடுக்காக, நீண்டுகொண்டே போயிற்று. பத்தாவது அடுக்கைத் தாண்டியும் போயிற்று.

பக்ரீத் நெருங்கியது. ஆண்டர்சன்பேட்டைச் சந்தைக்குக் கிடா வாங்கப் போனான். கூட்டத்தில் ஒரு பெண் கருப்புக் கிடாவின் வாயைப் பிளந்து அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தோளில் ஆண்பிள்ளை மாதிரி ஒரு துண்டு.

"பல்லப் பாரு பாய். கல்யாண மாப்பிள கூட இப்பிடி சிரிக்க மாட்டான்."

"இடது கால் நொண்டுதே."

"நொண்டுல பாய், நாணுது. பெரிய மனுசன் வந்து நின்னா நாணாதா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் துண்டை எடுத்து அவன் வலது கைமேல் போர்த்தி, அடியில் தன் கையை நுழைத்தாள். ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. சுற்றி நிற்பவன் காதில் விழுந்தால் அடுத்த பேரம் கெட்டுவிடும். துண்டுக்குள் எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை ஆயிரம். முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, கை மட்டும் பேசும். வாப்பாவின் கடையில் கல் வியாபாரமும் இப்படித்தான் நடக்கும் என்பதால் ஜலாலுக்குப் பழக்கம்தான். அவள் விரல்களைப் பற்றினாள். அவன் இரண்டைக் கழற்றினான். அவள் ஒன்றைத் திரும்பப் பிடித்தாள்.

பிடித்த விரலை விடாமல், கிடாவைப் பார்த்தபடியே கேட்டாள்: "நீதான கல்லுல தண்ணி பாக்கற பாய்?"

"ஆமா."

"நான் கங்கம்மா. தசரதன் பொஞ்சாதி."

ஜலாலின் கை தானாகப் பின்வாங்கியது. அவள் விடவில்லை.

"கேன்டீனுக்குக் கறி போடறது நான்தான். அந்தக் கல்லு வந்த நாள்லேர்ந்து பாய் களியத் தொடறதில்லன்னு சமையக்காரன் சொன்னான். ஏன் தொடறதில்ல?"

"பேசக் கூடாதுக்கா. வாய் திறக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"வாயத் தொறக்காத. யாரு தொறக்கச் சொன்னா? கை சும்மாதான கீது?" அவள் குரல் ஆட்டு விலை பேசுகிற குரலாகவே இருந்தது. "மூணு பேரு உள்ள போனாங்க. பத்தாம் நாளு என் தாலிய எடுத்துப் பாலுல போட்டாங்க. பால் சொம்பத் தூக்கறப்போ எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு பாய். இன்னான்னு சொல்லத் தெரில. பக்கத்துல இருந்தவங்க, அழு அழுன்னாங்க. எனக்கு வரல. அன்னிக்கு உள்ள எத்தினி பேரு மூச்சு வுட்டுக்கினு இருந்தாங்க? அத மட்டும் புடி."

பொய் சொல்வதற்குத் துண்டைவிட வசதியான இடம் கிடையாது. முகம் தெரியாது, குரல் தெரியாது. ஜலால் எந்த விரலையும் பிடிக்காமல் கையைத் தளர விட்டான். ஒருவரும் இல்லை.

"கங்கம்மாகிட்ட ஏமாத்தறியா?" என்றாள் அவள். "முப்பது வருசமா துண்டுக்குள்ள கை வெக்கிறவ. ஒளிக்க ஒண்ணும் இல்லாதவன் கை வறண்டிருக்கும். உன்னுது வேர்க்குது."

ஒரு வியாபாரி கிடாவின் விலாவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஜலால் அவளுடைய சுட்டுவிரலைப் பற்றினான். அவள் காத்திருந்தாள், அடுத்த விரலையும் பிடிப்பான் என்று. அவன் பிடிக்கவில்லை.

"ஒண்ணு," என்றாள் மெல்ல. "யாரு?"

"தெரியாதுக்கா." வாய் திறந்துவிட்டது. "கல்லுக்கு ஆள் தெரியாது. மூணு பேரும் ஒரே கேன்டீன் சாப்பாடு. முதல்ல மூணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒருத்தர். அவ்வளவுதான் கல்லு சொல்லுது."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையில."

"எத்தினி நாளு?"

அவன் கிடாவின் முதுகைத் தடவினான். அவளும் இரண்டாவது முறை கேட்கவில்லை. கிடாவின் கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, சந்தையில் சரக்கு எடுப்பவள் போலச் சொன்னாள்: "அப்போ அத நான் எடுத்துக்கறேன்."

"எத?"

"அந்த ஒண்ண. தசரதன்னு வெச்சுக்கோ. மத்த ரெண்டு பொஞ்சாதிங்களும் வந்து கேட்டா அப்படியே சொல்லு. இடிஞ்சப்பவே உங்க ஆளுங்க போயிட்டாங்க, தசரதன்தான் கெடந்து கஷ்டப்பட்டான்னு சொல்லு."

"அது உண்மையா இல்லாமப் போனா?"

"உண்மையில்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் இன்னா பாய்? பிரதாப் பொஞ்சாதி நதியாவுக்கு ஆவணியில மறு கல்யாணம் வெச்சிருக்கு. சின்னப் பொண்ணு. புருசன் உசிரோட இருக்கறப்போ தாலியக் கழட்டினோமோன்னு ஒரு சந்தேகம் விழுந்தா மணையில ஒக்காருவாளா? ஏழுமல ஊட்டு உண்ணாமல அக்கா ஏற்கெனவே பாதி ஆளு. என்னால தூக்க முடியும். நான் தூக்கிக்கறேன்."

அவள் துண்டை உதறித் தோளில் போட்டாள். முகத்தை ஒருதரம் அதில் அழுத்தித் துடைத்தாள். பிறகு கிடாவுக்கு அவன் நினைத்திருந்ததைவிட ஒரு விரல் கூடுதலாகவே வாங்கினாள். துக்கம் தனி, வியாபாரம் தனி. இரண்டையும் அவள் கலக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நதியா அவன் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வந்தாள். தெருவோரம் ஒரு பையன் பைக்கின் மேல் சாய்ந்து, இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றான். கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று சொல்லாமலே தெரிந்தது.

"சார், கங்கம்மாக்கா சொல்லிச்சு. தசரதன் அண்ணன்தான் கடைசின்னு. பிரதாப் அப்பவே போயிட்டானாம்."

"ஆமாம்மா. அக்கா சொன்னது சரி."

"அந்த அக்கா ஆட்டுக்கே பொய் சொல்லும் சார். மனுசனுக்குச் சொல்லாதா?" இரும்புக் கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நான் அழ வரல. எதையும் நிறுத்த வரல. அவரு, அதோ நிக்கறாரே, அவருதான் கூட்டிக்கினு வந்தாரு. போய் கேட்டுக்கினு வா, மனசுல வெச்சுக்கினு எங்கூட வாழ முடியாதுன்னாரு. நல்ல மனுசன்."

"கேட்டு என்ன செய்யப் போறம்மா?"

"பிரதாப்புக்கு இருட்டுன்னா பயம் சார். சுரங்கத்துல வேல செய்யறவன், ஊட்டுல கரண்டு போனா எங்கைய புடிச்சுக்குவான். யாருகிட்டயும் சொல்லாதன்னுவான், சிரிப்பாங்கன்னு." அவள் உதடு கோணியது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. "தசரதன் அண்ணனா இருந்தா அக்கா நெனச்சுக்கும். பிரதாப்பா இருந்தா அவன நெனக்க அங்க யாருமே இல்ல சார். நான் பந்தல்ல ஒக்காந்து பாலப் பாத்துக்கினு இருந்தேன். அவன் இருட்டுல ஒக்காந்து கெடந்தான்னா, ஒரு ஆளாவது அத தெரிஞ்சு வெச்சுக்கணுமா வேணாமா?"

தெரியாது என்று சொல்லலாம், அதுதான் உண்மை. ஆனால் அவள் கேட்டு வந்த பொருள் அது இல்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்தே எதை எடுத்து விரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் குடும்பத்தில் பிறந்தது ஜலாலுக்கு அன்றைக்குத்தான் சாபமாகப் பட்டது.

"பிரதாப்தாம்மா," என்றான்.

அவள் கம்பியை விட்டாள். வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க சார். அது தசரதன் அண்ணன்னே நெனச்சுக்கினு இருக்கட்டும். அதுக்கு அது ஒண்ணுதான் கீது."

பைக் கிளம்பிப் போகும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவள் அந்தப் பையனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின் அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்த வாரம் உண்ணாமலை தாம்பூலப் பையோடு வந்தாள். ஏழுமலையின் மனைவி. அவளுக்கு, கீழிருந்து யாரோ உயரத்தைத் திருடிக்கொண்டே வருவதுபோல ஒரு கூனல்.

"நதியா குடுத்தனுப்பிச்சுது தம்பி. லட்டு கீது. உடையாம கொண்டாந்திருக்கேன்."

"உள்ள வாங்கம்மா. டீ குடிக்கிறீங்களா?"

டீயைக் குடித்து முடிக்கிறவரை கல்யாணச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினாள். ரசத்தில் உப்பு தூக்கல், மாப்பிள்ளை நல்ல நிறம், கங்கம்மா எல்லாருக்கும் முன்னால் நின்று பரிமாறினாள், ஒருத்தரும் தடுக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைக்கிறேன் என்று எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள்.

"கங்கம்மா எனக்கும் சொல்லிச்சு, கடைசியா இருந்தது தசரதன்னு. நதியா வேற மாதிரி நெனக்குது, அது மூஞ்சியில தெரியுது. ரெண்டும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு கீதுங்க."

"அம்மா..."

"எங்க ஆளு சக்கர நோயாளி தம்பி. லைன் வீட்டுல அத்தினி பேரும் சொன்னாங்க, மொதல்ல ஏழுமலதான் போயிருப்பான், ஒரு நாளு கூட தாங்கியிருக்க மாட்டான்னு. சமாதானத்துக்குத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் அது இங்க குத்திச்சு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "அந்த மனுசன் எதுலயும் ஜெயிச்சவரு இல்ல. ஷிப்டு மேஸ்திரி வேல வந்துச்சு, பக்கத்து ஆளுக்குப் போச்சு. பந்தயத்துக்குச் சேவல் வளத்தாரு, சண்டையில ஓடியாந்துடும். அவரு தாக்குப் புடிச்சிருக்கக் கூடாதா தம்பி? ரெண்டு பேரையும் வழியனுப்பிட்டு, கண்ண மூடி வுட்டுட்டு, அப்பறம் போயிருக்கக் கூடாதா? அவரு செய்வாரு. அப்படி ஆளுதான். யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்."

"ஏழுமலை அண்ணன்தாம்மா," என்றான் ஜலால். மூன்றாவது முறை என்பதால் நாக்கு தடுமாறவே இல்லை. "அவருதான் கடைசி வரைக்கும் இருந்தாரு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அவங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம். பாவம், மனசு ஒடைஞ்சிடும்."

டம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியிறங்கினாள். ஒரே சரக்கை மூன்று பேருக்கு விற்றால் கீழக்கரையில் அவனைக் கடைத்தெருப் பக்கமே விடமாட்டார்கள். வாங்கியவர்கள் மூவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். ஒருத்தியாவது உண்மையைத்தான் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், அது எவள் என்று விற்றவனுக்கே தெரியாது. தெருத் திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். உண்ணாமலை வரும்போது இருந்ததைவிட நிமிர்ந்து நடந்தாள்.

போன் அடித்தது. சம்பத்.

"ஜலால், இந்தச் சிலிண்டர் விஷயம் சரிப்படல. மூணு மாசமா வாயு ஏத்தறோம். நீங்க சொன்ன அளவு, நீங்க சொன்ன சூடு. கொஞ்சம் கூடுதலா விழுது, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தப் பாதைல விழுந்த மாதிரி இல்ல. பாதிகூட இல்ல. அந்த இடத்துல வேற என்னமோ இருந்திருக்கு. அந்தச் சில்லைத் திரும்ப எடுத்துப் பாருங்க."

"திரும்பப் பாக்க ஒண்ணும் இல்ல சார்."

"இருக்கணும். என்ன இருந்துச்சு அங்க?"

சந்தையில் துண்டுக்குள் சொன்னதையும், வாசல் கேட்டருகே மாற்றிச் சொன்னதையும், சற்றுமுன் இதே அறையில் சொன்னதையும் ஜலால் நினைத்துக்கொண்டான். இத்தனை பேரிடம் பேசியும், எடை குறையாமல் முழுசாக ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

"மூணு பேர் இருந்தாங்க சார்," என்றான். "இடிஞ்சப்போ சாகல. உயிரோட இருந்தாங்க. பத்தாம் நாள் தாண்டியும் ஒருத்தர் இருந்தாரு. நீங்க குழாய நிறுத்தாம இருந்தப்போ, தோண்டுறத நிறுத்தினப்போ, உள்ள மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாங்க. அதுதான் இருந்துச்சு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"அது தெரியும் ஜலால்," என்றார் சம்பத், பொறுமையாக. "அன்னைக்கே வாயு மீட்டர்ல காட்டுச்சு. அது போக வேற என்ன இருந்துச்சுன்னு கேக்கறேன்."